திரும்பும் வழி முதலில்: உப்புவெளி விடுதித் தளமும் ஒரு டெவ்ஒப்ஸ் பயிற்சிக் குழுவும்

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் இருக்கும் ஒரு சின்ன விடுதியின் முன்பதிவுத் தளம், சீசன் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பழுதானது. அன்றிரவே அதைத் திருத்தியும் விட்டார்கள். ஆனால் திருத்திய கையோடு, அன்று பகல் முழுக்க வந்திருந்த முன்பதிவுகள் அழிந்து போயின. அது சனிக்கிழமை விடியும்வரை ஒருவருக்கும் தெரியாது. தளத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் டெவ்ஒப்ஸ் (மென்பொருளை எழுதுவதையும் அதை ஓடவைத்துக் காப்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறை) வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர்கள். வார இறுதிகளில் நகரத்தில் கூடிப் படிக்கும் சிறு குழு அது, வழிநடத்துவது நான். அந்த இரவு என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதன் பிறகு பாட ஒழுங்கு எப்படித் தலைகீழானது என்பதே இந்த ஆய்வு. விடுதியின் பெயரும் ஆட்களின் பெயர்களும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன.

குழுவில் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவர் ஒருவர். டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடுபவர்கள் சிலர். பகலில் போன் திருத்தும் கடையில் நிற்கும் தம்பி ஒருவர். சேர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் எல்லோரையும்விட அவருக்குத்தான் வேகமாகப் பிடிபட்டது. எல்லோர் போனிலும் ஒரே மாதிரியான ஒரு படம் இருந்தது: டெவ்ஒப்ஸ் கற்கும் பாதை என்று சொல்லி, கருவிகளின் சின்னங்களை வரிசையாக அடுக்கிய படம். ஜென்கின்ஸ், டொக்கர், குபர்நெட்டிஸ், டெராஃபோர்ம், அன்சிபிள், புரொமீதியஸ். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பாதிப்பேர் குபர்நெட்டிஸைத்தான் காட்டினார்கள். வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர்தான் அடிக்கடி வருகிறது என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

டெவ்ஒப்ஸ் கருவிகளிலிருந்து பிறந்த துறை அல்ல. மென்பொருளை எழுதுபவர்கள் ஒரு பக்கம், அதை ஓடவைத்துக் காப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று பெரிய நிறுவனங்கள் பிரிந்து கிடந்தன. எழுதுபவருக்கு மாற்றம் வேண்டும். காப்பவருக்கு மாற்றமென்றாலே பயம், ஏனென்றால் இரவில் எழும்புவது அவர்தான். 2009 ஜூனில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில், படங்களைப் பகிரும் தளமான ஃபிளிக்கர் நிறுவனத்தின் ஜோன் ஓல்ஸ்போவும் போல் ஹாமண்டும் மேடையேறி, தங்கள் தளத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் புதிய பதிப்பு ஏற்றுகிறோம் என்றார்கள். அதிலிருந்து உற்சாகம் பெற்ற பெல்ஜியத்துக்காரர் பற்றிக் டெபுவா, அதே வருடம் ஒக்டோபரில் கெண்ட் நகரத்தில் இரு தரப்பையும் ஒன்றாக இருத்தி ஒரு கூட்டம் வைத்தார். டெவ்ஒப்ஸ் என்ற பெயர் அங்கிருந்து பரவியது.

உப்புவெளியில் இரண்டு தரப்பு இல்லை. எழுதுவதும் காப்பதும் ஒரே தம்பிதான். அதனால் சண்டை இல்லாமல் போய்விடவில்லை. அது ஒருவரின் தலைக்குள்ளேயே நடக்கிறது. பின்னேரம் மாற்றச் சொல்லும் மனம் வேறு, நள்ளிரவில் போன் அடிக்கும்போது ஏன் தொட்டோம் என்று நினைக்கும் மனம் வேறு.

வெள்ளிக்கிழமை

தளம் ஓடியது சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய மெய்நிகர் சேர்வரில். ஒரு ஜிபி நினைவகம்; இயங்குதளம் உபுண்டு லினக்ஸ், பக்கங்களை அனுப்புவது என்ஜின்எக்ஸ், தளம் எழுதிய மொழி பிஎச்பி, தரவுத்தளம் மைசீக்வெல் 8. மாதம் சில டொலர்தான் செலவு. விடுதி நடத்தும் அக்காவே புறாத்தீவுக்கும், திமிங்கிலம் பார்க்கவும் படகு ஒழுங்குசெய்து கொடுப்பார். அறைக்கும் படகுக்கும் பதிவு இந்தத் தளத்தில்தான் விழும்.

அக்கா கேட்டது மிகச் சிறிய மாற்றம். "சின்னப்பிள்ளையள் எத்தனை பேர் எண்டு முன்னமே தெரிஞ்சாத்தான் தம்பி, அளவான லைஃப் ஜக்கெட் எடுத்து வைக்கலாம்." பதிவுப் படிவத்தில் ஒரு பெட்டி கூடினால் போதும்.

பொறுப்பாக இருந்த தம்பி இரவு உணவுக்குப் பிறகு வேலையைத் தொடங்கினார். ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்துக்குள் நேரடியாக நுழைந்து, முன்பதிவு அட்டவணையில் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கென்று ஒரு நிரல் (column) சேர்த்தார். வெறுமையாக விடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். ஒன்றும் தராவிட்டால் தானாக விழும் இயல்பு மதிப்பு எதுவும் கொடுக்கவில்லை. பிறகு ஃபைல்ஸில்லா என்ற பைல் ஏற்றும் மென்பொருள் மூலம் புதிய பைல்களை ஏற்றினார். போனில் பார்த்தால் திகதிப் பெட்டி காணாமல் போயிருந்தது. லப்டொப்பில் "பழையது 2" என்ற பெயரில் ஒரு பிரதி இருந்தது. அதைத் திருப்பி ஏற்றினார். முகப்பு பழையபடி வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று மூடிவைத்தார்.

பைல்கள் திரும்பிவிட்டன, தரவுத்தளம் திரும்பவில்லை. தளத்தை இயக்கும் பழைய நிரல்வரிகளுக்குப் (code) பிள்ளைகள் நிரல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒருவர் பதிவு பொத்தானை அமத்தும்போது அந்தப் பெறுமதி இல்லாமலே வரி போகிறது. மைசீக்வெல் 5.7இலிருந்து கண்டிப்பு முறைதான் இயல்பு நிலை. பெறுமதியும் இல்லை, இயல்பு மதிப்பும் இல்லை என்றால் வரியை ஏற்காமல் தள்ளிவிடும். தளமோ மரியாதையாக "மன்னிக்கவும், சற்றுப் பிறகு முயலவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கண்காணிப்புக்கு வைத்திருந்த இலவசச் சேவை சில நிமிடங்களுக்கு ஒரு தடவை முகப்பைத் தட்டிப் பார்க்கும். முகப்பு 200, அதாவது எல்லாம் சரி, என்று நலமாகப் பதில் சொன்னது. ஆக, கண்காணிப்பின் கணக்கில் தளம் அன்றிரவு ஒரு கணமும் விழவில்லை.

பத்தரை மணியளவில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் அக்காவுக்குப் போன் எடுத்து, பதிவு போகவில்லை என்றது. அக்கா தம்பிக்கு எடுத்தார். "சைட் திறக்குது தம்பி, புக்கிங்தான் போகேல்லயாம்." தம்பி லொக் (நடப்பதையெல்லாம் சேர்வர் எழுதி வைக்கும் பைல்) பார்க்கவில்லை. தரவுத்தளம் பழுதாகிவிட்டது என்று ஊகித்து, அன்றைய பேக்கப் பைலை அதன் மேலேயே ஏற்றினார். அந்தப் பைல், இருக்கும் அட்டவணையை அழித்துவிட்டுப் பழையதை முதலிலிருந்து உருவாக்கும். அதனால் புதிய நிரலும் காணாமல் போனது. பதிவு உடனே வேலை செய்யத் தொடங்கியது. "சரி வந்திட்டுது அக்கா" என்று சொல்லிவிட்டு அவர் படுத்துவிட்டார்.

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான். திருத்தம் தோற்றிருந்தால் யாராவது மேலும் தோண்டியிருப்பார்கள், லொக்கைத் திறந்திருப்பார்கள். அது வென்றுவிட்டது. வென்றதால் எல்லோரும் நித்திரைக்குப் போனார்கள்.

பேக்கப் எடுத்த நேரம் சேர்வர் கணக்கில் நள்ளிரவு 12. சேர்வரின் கடிகாரம் சர்வதேச நேரத்தில் ஓடியது. திருகோணமலைக்கு அது காலை 5.30. வெள்ளி காலை ஐந்தரைக்குப் பிறகு விழுந்த எல்லாப் பதிவும் போய்விட்டது. சனி விடியற்காலை, திமிங்கிலம் பார்க்க என்று கடற்கரைக்கு வந்து நின்றவர்களின் பெயர் அக்காவின் பட்டியலில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் படகைக் கேட்டு அவர்களை அனுப்பிவிட்டு, அக்கா போன் எடுத்தார். முதல் கேள்வி, எந்த ஊரிலும் வருகிற அதே கேள்விதான்: "ஆர் தம்பி இதைச் செய்தது?"

காரணம் தேடியபோது

அந்தக் கேள்விக்கு விடை ஒரு நொடியில் கிடைக்கும். கிடைத்த விடையால் ஒரு பயனும் இல்லை. 2009இல் மேடையேறிய அதே ஓல்ஸ்போ பிறகு எட்சி என்ற இணையச் சந்தை நிறுவனத்துக்குப் போனார். அங்கே 2012இல், தவறு செய்தவரைத் தண்டிக்காமல் தவறு எப்படிச் சாத்தியமானது என்று ஆராயும் முறையைப் பற்றி எழுதினார். மனம் இரங்கி மன்னிப்பது அல்ல அதன் நோக்கம். தண்டனை இருந்தால் ஆட்கள் விபரத்தை மறைப்பார்கள். மறைத்த விபரத்தை வைத்துச் சரியான காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. குழு கூடிய அன்று, அந்தத் தம்பியைக் கொண்டே சம்பவத்தை நேர வரிசையில் வெள்ளைப் பலகையில் எழுதவைத்தோம். மற்றவர்கள் கேட்கலாம், "ஏன் அப்படிச் செய்தாய்" என்று கேட்கக்கூடாது, "அந்த நேரம் உனக்கு என்ன தெரிந்தது" என்று கேட்கலாம். இந்த ஒரு விதியால் மட்டும் பலகையில் இரண்டு மடங்கு வரிகள் வந்தன. பழைய பிரதிக்கு "பழையது 2" என்று ஏன் பெயர், அப்படியென்றால் "பழையது 1" எங்கே என்ற கேள்வியும் அப்படித்தான் வந்தது. அது இன்னும் பழையது. அதை ஏற்றியிருந்தால் விலைப்பட்டியல் போன சீசனுக்குப் போயிருக்கும்.

பலகை நிறைந்த பிறகு தெரிந்தது இது: தம்பிக்கு ஏற்றத் தெரியும். திரும்பும் வழி இரண்டு வைத்திருந்தார். பழைய பைல்களின் பிரதி ஒன்று, தரவுத்தளப் பேக்கப் இன்னொன்று. இரண்டையும் அன்றிரவு பயன்படுத்தினார். சேதம் முழுவதும் அந்த இரண்டாலும்தான் வந்தது. முதலாவது பாதி மட்டும் திரும்பியது. இரண்டாவது தேவைக்கு மேல் திரும்பியது. இரண்டையும் அதற்கு முன் ஒருநாளும் ஒத்திகை பார்த்ததில்லை.

உலகறிந்த இரண்டு விபத்துகளைக் குழுவின் முன் வைத்தேன். 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி, நைட் கப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் புதிய மென்பொருளோடு சந்தையைத் திறந்தது. எட்டுச் சேர்வர்களில் ஏழில்தான் அது ஏறியிருந்தது. எட்டாவதில் பல வருடங்களாகப் பயன்படுத்தாத பழைய நிரல்வரிகள் கிடந்தன. புதிய மென்பொருள் பயன்படுத்திய அதே அடையாளக் குறி, அங்கே அந்தப் பழையதை எழுப்பிவிட்டது. அது நிறுத்தாமல் பங்குகளை வாங்கித் தள்ளியது. பதற்றத்தில் அவர்கள் செய்த முதல் திருத்தம், ஒழுங்காக இருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் புதிய மென்பொருளைக் கழற்றியது. இப்போது எட்டிலும் பழைய நிரல்வரிகள் எழும்பின. சுமார் 45 நிமிடத்தில் போனது 440 மில்லியன் டொலருக்கு மேல். அங்கேயும் சேதத்தைப் பெருக்கியது திரும்பிப் போன செயல்தான்.

மற்றது 2017 ஜனவரி 31, நிரல்வரிகளைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாப். இரவு நேரத்தில், துணைச் சேர்வர் என்று நினைத்து முதன்மைச் சேர்வரின் தரவுக் கோப்புறையை ஒரு பொறியியலாளர் அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல், அது சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு சோதனை வேலைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் அதை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூப்பில் நேரலையாகவே காட்டினார்கள்.

எங்கள் பதிவுகள் திரும்பக் கிடைத்தன, பேக்கப்பிலிருந்து அல்ல. தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் மைசீக்வெல் ஒரு பைனரி லொக்கில் எழுதி வைக்கும். பதிப்பு 8இல் அது கேட்காமலே ஓடும். இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். போன் கடைத் தம்பிதான் வட்டில் இடம் எங்கே போகிறது என்று தேடும்போது அந்தப் பைல்களைக் கண்டார். அதை வாசிக்கும் கருவி மைசீக்வெலுடனேயே வருகிறது. வெள்ளிக்கிழமை விழுந்த பதிவுகள் வரிவரியாக அதில் கிடந்தன. அக்காவின் வட்ஸ்அப்பில் விருந்தினர்கள் அனுப்பிய செய்திகளோடு ஒப்பிட்டபோது மட்டும் கொஞ்சம் குழம்பினார்கள்: லொக்கில் காலை 6.10 என்று இருந்த பதிவும் வட்ஸ்அப்பில் காலை 11.40 என்று இருந்ததும் ஒரே ஆள்தான். ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட மறந்தால் ஒரு குடும்பம் இரண்டு குடும்பமாகிவிடும்.

ஒழுங்கு மாறியது

வழக்கமான பாடத்திட்டம் லினக்ஸ், கிட், டொக்கர், பைப்லைன், கிளவுட் என்று போய், பேக்கப்பைக் கடைசியில் ஒரு குறிப்பாகச் சொல்லும். நாங்கள் அதைத் திருப்பினோம். குழுவில் புதிதாகச் சேரும் ஒருவர் இப்போது முதலில் செய்வது ஒரே வேலை: வெறும் சேர்வர் ஒன்று, நேற்றைய பேக்கப் பைல் ஒன்று. இந்த இரண்டையும் வைத்துத் தளத்தை எழுப்பு. ஒருவரும் உதவக்கூடாது.

எழும்பாது. அதுதான் பாடம். முதலில் படங்கள் இருக்காது, ஏனென்றால் பேக்கப் தரவுத்தளத்தை மட்டும்தான் எடுத்தது. கடவுச்சொற்கள் இருக்கும் அமைப்புப் பைல் இருக்காது. நேரத்துக்கு ஓடவேண்டிய கிரோன் வேலைகள் இருக்காது. பேக்கப் எடுக்கும் வேலையே அவற்றில் ஒன்று என்பதால், மீட்டெடுத்த சேர்வர் இனிமேல் பேக்கப் எடுக்காத சேர்வர். தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழைத் தானே புதுப்பிக்கும் வேலையையும் போட்டிருக்கமாட்டார்கள். அது 90 நாள்தான் செல்லும், எனவே மூன்று மாதம் கழித்து ஒருநாள் உலாவி சிவப்புத் திரை காட்டும். ஒவ்வொரு குறையையும் கண்டுபிடிக்க அனுமதிகள், சேவைகள், லொக் பைல்கள், வட்டு இடம் எல்லாவற்றுக்குள்ளும் போய்வர வேண்டியிருக்கிறது. லினக்ஸை ஒரு பாடமாக நடத்த வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. கட்டளைகளை மனப்பாடம் செய்ய மறுத்தவர்கள்கூட, தளம் எழும்பவில்லை என்றவுடன் ஜேர்னல் லொக்கை வாசிக்கத் தாமாகவே கேட்டுப் பழகினார்கள்.

முதல் தடவை மீட்டவர் செய்தவற்றை ஒரு தாளில் எழுதினார். அடுத்தவர் அதைப் பார்த்துச் செய்து, விட்ட இடங்களைச் சேர்த்தார். அதற்கடுத்தவர் தாளை வாசிக்கப் பஞ்சிப்பட்டு, கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் ஆக்கினார். ஸ்கிரிப்ட் இரண்டாம் தடவை ஓடும்போது ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்து குழப்பியது. அந்த இடத்தில்தான், சேர்வரை வேண்டிய நிலைக்குத் தானாக அமைக்கும் கருவியான அன்சிபிளைக் கையில் கொடுத்தேன். எத்தனை தடவை ஓடினாலும் முடிவு ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கருத்தை விளக்க ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

நிரல்வரிகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்திருக்கும் கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கருவை நிர்வகிக்கவென்று எழுதினார். குழுவுக்கு அது "பழையது 2"க்கு மருந்தாக வந்தது. இரண்டு கட்டுப்பாடுகள் போட்டோம்: சேர்வருக்குள் இருந்து நிரல்வரியைத் திருத்தக்கூடாது; கடவுச்சொல் இருக்கும் பைல் கிட்டுக்குள் போகக்கூடாது. இரண்டாவதை மீறியவருக்குத் தண்டனை இல்லை, ஆனால் கடவுச்சொல்லை உடனே மாற்றவேண்டும். அடுத்த கொமிட்டில் (கிட்டில் சேமிக்கும் ஒரு மாற்றம்) அழித்தாலும் அது வரலாற்றில் கிடக்கும் என்பதைப் புதியவர்கள் நம்ப ஒரு நாள் எடுக்கிறது.

ஏற்றும் முறையும் மாறியது. ஒவ்வொரு பதிப்பும் தனிக் கோப்புறை. "நடப்பு" என்ற ஓர் இணைப்பு அவற்றில் ஒன்றைச் சுட்டும். என்ஜின்எக்ஸ் அந்த இணைப்பை மட்டும்தான் பார்க்கும். ஏற்றுவது என்றால் இணைப்பைப் புதியதுக்குத் திருப்புவது. திரும்புவது என்றால் பழையதுக்குத் திருப்புவது. பாதிப் பைல் புதியது, பாதிப் பைல் பழையது என்ற நிலை வராது. இது மிகப் பழைய உத்தி. இதற்கு ஒரு கருவியும் வாங்கத் தேவையில்லை.

தரவுத்தளம் அப்படி இலகுவில் திரும்பாது, ஆகவே அதற்கு வேறு ஒழுங்கு. பிள்ளைகள் பெட்டி இரண்டாம் தடவை இப்படித்தான் போனது: முதலில் நிரலைச் சேர், வெறுமையாக இருக்கலாம் என்று விடு. பழைய நிரல்வரிகள் அதைக் கவனிக்காமலே ஓடும். ஒரு நாள் பொறு. பிறகு புதிய படிவத்தை ஏற்று. அது பிழைத்தால் இணைப்பைத் திருப்பு, அட்டவணை தடுக்காது. எல்லாம் ஒழுங்கென்று கண்ட பிறகுதான், கட்டாயம் நிரப்பவேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் போடு. ஒரே இரவில் செய்த வேலை மூன்று படியாகி ஒரு வாரம் எடுத்தது. "இந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு கிழமையா தம்பி?" என்று அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு படியிலும் திரும்பக்கூடியதாக இருக்க நாங்கள் கொடுத்த விலை அது.

மாற்றங்களைத் தானாகச் சோதித்து ஏற்றும் பைப்லைனில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிட் வரலாற்றை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப்பில் ஒருவர் மாற்றத்தைத் தள்ளியதும், ஒரு தற்காலிக இயந்திரத்தில் தளம் எழும்பி, ஒரு பொய்ப் பதிவு போட்டு, அது அட்டவணையில் விழுந்ததா என்று பார்க்கும். விழுந்தால்தான் மேலே போகும். ஒரே ஒரு டெஸ்ட். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு இல்லாமல் போன டெஸ்ட் அது. கண்காணிப்பும் முகப்பைத் தட்டுவதை விட்டு, அதே மாதிரியான ஒரு பொய்ப் பதிவைப் போட்டு அழித்துப் பார்க்கிறது.

கரண்ட் போனால்

நகரத்தில் இருந்து படிப்பவர்களுக்குப் பொதுவான பாடநூல் சொல்லாத ஒன்று இருக்கிறது. திருகோணமலையில் கரண்ட் போனாலும் சிங்கப்பூரில் இருக்கும் சேர்வர் விழாது. விழுவது நமக்கும் அதற்கும் இடையிலுள்ள தொடர்பு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கு பாணந்துறை உபமின்நிலையத்தில் மாட்டியதால் முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்ன நாளில், இந்த வகைத் தளங்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன; பார்த்துக்கொள்பவர்களின் வைஃபைதான் செத்துக் கிடந்தது. ஒரே புள்ளி விழுந்தால் முழுவதும் விழும் அமைப்பு என்றால் என்ன என்பதற்கு வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் தேவைப்படவில்லை. குரங்கை மட்டும் ஒருவரும் பலகையில் காரணமாக எழுதவில்லை என்பதைச் சொல்லவேண்டும்.

இதிலிருந்து வந்த பழக்கம் டிமக்ஸ். எஸ்எஸ்எச் (தூரத்துச் சேர்வருக்குள் நுழையும் வழி) வழியாக நுழைந்து ஒரு பெரிய பேக்கப்பை மீட்கும்போது பாதியில் தொடர்பு அறுந்தால், அந்த வேலையும் பெரும்பாலும் அதோடு செத்துவிடும். தரவுத்தளம் பாதியில் நிற்கும். டிமக்ஸுக்குள் தொடங்கினால் வேலை சேர்வரிலேயே தொடரும். போனின் டேட்டாவில் திரும்ப நுழைந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். இப்போது நீண்ட நேரம் எடுக்கும் எதையும் டிமக்ஸ் இல்லாமல் தொடங்க ஒருவரும் துணிவதில்லை. நேர்முகங்களில் இதை ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் மாரி காலத்தில் காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் இங்கிருந்து வேலை செய்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்று இல்லை.

டொக்கரும் மற்றவையும்

டொக்கர் 2013இல் வெளிவந்தது. குழுவில் அது தானாகக் கதவைத் தட்டியது. ஒருவரின் லப்டொப்பில் பிஎச்பி 7.4, இன்னொருவரிடம் 8.2, சேர்வரில் 8.1. "என்ர லப்டொப்பில வேலை செய்யுதே" என்ற வசனம் கூட்டத்துக்குக் கூட்டம் வந்தது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய பதிப்புகளையும் ஒரு படிமமாகக் கட்டி, அதையே எல்லா இடத்திலும் ஓட்டுவது அந்த வசனத்துக்குப் பதில். அந்தச் சலிப்பை அனுபவித்தவருக்கு டொக்கர் ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும். சலிப்பு வரும் முன்னரே கற்றவர்கள் கட்டளைகளை ஒப்பிப்பார்கள்; ஓடிக்கொண்டிருக்கும் படிமமான கொன்டெய்னரை அழித்தால் உள்ளே இருந்த தரவும் போகும் என்பதை மட்டும் தெரிந்திருக்கமாட்டார்கள். தரவை வெளியே ஒரு தனிச் சேமிப்பிடத்தில் (volume) வைக்கவேண்டும் என்று சொன்னவுடன், எல்லோரும் அந்த வெள்ளிக்கிழமைத் தம்பியைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

கூகுள் 2014இல் திறந்துவிட்ட குபர்நெட்டிஸ், பல இயந்திரங்களில் பல கொன்டெய்னர்களை ஓட்டுபவர்களுக்கானது. ஒரு சேர்வரில் ஓடும் ஒரு விடுதித் தளத்துக்கு அதைப் போடுவது என் பார்வையில் வீண்வேலை. ஆனால் வேலை தேடுபவருக்கு அதன் அடிப்படைச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், நேர்முகத்தில் கேட்பார்கள். லப்டொப்பில் ஒரு சிறிய தொகுதியை (cluster) எழுப்பி, கொன்டெய்னர் ஓடும் அலகான பொட் (pod) ஒன்றைக் கொன்று, அதற்குப் பதிலாக இன்னொன்று தானாக எழும்புவதைப் பார்த்தால் தொடக்கத்துக்குப் போதும். சான்றிதழுக்குக் காசு கட்டுவதை முதல் வேலை கிடைத்த பிறகு யோசிக்கலாம். பல நிறுவனங்கள் அந்தச் செலவைத் தாமே ஏற்கின்றன.

வேலை

"ஜூனியர் டெவ்ஒப்ஸ்" என்ற பெயரில் வரும் இடங்கள் குறைவு. ஆட்கள் பெரும்பாலும் ஆதரவுப் பிரிவு, சிஸ்டம் நிர்வாகம், சோதனைப் பிரிவு அல்லது மென்பொருள் எழுதும் வேலை வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். ஆகவே முதல் வேலையின் பெயரைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை. குழுவில் ஒருவர் கொழும்பு நிறுவனம் ஒன்றின் ஆதரவுப் பிரிவு நேர்முகத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொண்டுபோனார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம்: நேர வரிசை, காரணங்கள், மாற்றியவை, இன்னும் மாற்றாதவை. கருவிகளைப் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டு, நேர்முகம் முழுக்க அந்த இரண்டு பக்கத்தைச் சுற்றியே போனதாம். "திருத்தம் வேலை செய்த பிறகு ஏன் திரும்பப் பார்க்கவேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு வேலை கிடைத்தது. அறிக்கையால்தானா என்று நிரூபிக்க வழியில்லை.

குழுவின் பெண்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் அவ்வளவு நேரான பதில் இல்லை. இந்தத் துறையில் முறை வைத்து இரவுக் காவல் உண்டு. நள்ளிரவில் போன் அடித்தால் எழும்ப வேண்டும். "அந்த நேரம் போன் வந்தா வீட்டில என்ன சொல்லுவினம் சேர்?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். வீட்டிலிருந்தே செய்யலாம், வெளியே போகத் தேவையில்லை என்பது பாதிப் பதில். மற்றப் பாதி, வேலைக்குச் சேரும் முன்பே கேட்கவேண்டிய கேள்விகள்: எத்தனை பேர் முறை மாறுகிறார்கள், இரவில் எழும்பினால் மறுநாள் லீவு உண்டா, மாதத்தில் சராசரியாக எத்தனை அழைப்பு வருகிறது. இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாத நிறுவனத்தில் ஆண்களுக்கும் நித்திரை இருக்காது. அவர் தன் தாயாரை ஒரு சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டிவந்து இருத்தினார். அம்மா முழுநேரமும் இருந்து கேட்டுவிட்டு, மாதச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

விடுதித் தளத்தில் சரிப்படாதவை இன்னும் இருக்கின்றன. மாற்றங்களைப் பரீட்சித்துப் பார்க்க இரண்டாவது சேர்வர் ஒன்று வேண்டும். அந்தச் சில டொலரை அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. பேக்கப் இப்போது நாளுக்கு நான்கு தடவை வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகிறது. மாதத்தில் ஒருநாள், முறைக்கு வருபவர் அதை வெறும் சேர்வரில் எழுப்பிக் காட்டவேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தரவுத்தள அமைப்பைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். மற்ற மாற்றங்கள் செவ்வாய் அல்லது புதன் பகலில் மட்டும். அக்கா கேட்கும் ஜேர்மன் மொழிப் பக்கம் மழை தொடங்கி அறைகள் காலியாகும் நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்றப் போவது அந்த வெள்ளிக்கிழமைத் தம்பிதான். திரும்பும் படிகளை முதலில் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.